குஜிலிப் பதிப்பும் கேசட்டுப் பெட்டியும்

2025 ஜூலை 11 அன்று செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மராத்தியரின் இராணுவ நிலவெளி என்ற பெயரில் தெரிவு செய்யப்பட்ட 12 கோட்டைகளில் 11 மகாராட்டிரத்தில் உள்ளவை. தமிழகத்திலிருந்து இடம்பெற்றது இது ஒன்றே. வல்லத்தில் வசிக்கும் நமக்கு (வல்லம் என்றதும் தஞ்சை வல்லத்தை நினைப்பவர்களே மிகுதி, நாம் கூறுவது செஞ்சியை அடுத்த வல்லத்தை) இதில் மகிழ்ச்சியே. 1677இல் சிவாஜி கைப்பற்றியதும், 1690இல் தொடங்கி 1698 வரை நீண்ட முகலாய முற்றுகையும், பின்னர் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனக் கோட்டை கைமாறியதும் இனிப் பளபளப்பான பலகைகளில் எழுதப்படும். முந்நூறு ஆண்டுகள் பழைய கல்லைக் காக்க உலகம் ஒரு வழிமுறையை வகுத்துக்கொண்டுவிட்டது. முப்பது ஆண்டுகளே பழைய பிளாஸ்டிக்கைக் காக்க நம்மிடம் எந்த வழிமுறையும் இல்லை என்பதைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம்.

1990களில் செஞ்சி, திண்டிவனம் போன்ற சிறுநகரங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பிளாஸ்டிக் எது என்று விளக்க வேண்டியதில்லை. வீடியோ கேசட் வாடகைக் கடையின் பின்னறை, ஒரு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி, வயர் ஒட்டுப்போட்ட இரண்டு ஜாய்ஸ்டிக்குகள், மணிக்கணக்குப் பார்த்துக் காசு வாங்கும் ஓர் அண்ணன். ஆடுபவர் இருவர் என்றால் பின்னால் நின்று பார்ப்பவர் பதின்மர். மரியோ, காண்ட்ரா, வாத்துச் சுடுவது, டாங்கி சண்டை. கேசட்டு வேலை செய்யாவிட்டால் கழற்றி ஊதிவிட்டு மறுபடி செருகுவது. மின்சாரம் போனால் சண்டை: மீதி நேரம் நாளைக்கு உண்டா, இல்லையா?

வீடியோ விளையாட்டின் வரலாற்றைக் கூறும் ஆங்கில நூல்கள் ஏராளம். அதை நாம் விரைந்தே கடக்கலாம். 1958இல் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹிகின்போதம் பார்வையாளர்களின் பொழுதுபோக்குக்காக அமைத்த டென்னிஸ், 1962இல் எம்.ஐ.டி. மாணவர்கள் எழுதிய ஸ்பேஸ்வார், 1972இல் வீட்டுத் தொலைக்காட்சியில் இணைக்கத்தக்க மேக்னவாக்ஸ் ஒடிசி, அதே ஆண்டில் அட்டாரியின் பாங், 1978இல் ஜப்பானிலிருந்து ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980இல் பேக்மேன். 1983இல் அமெரிக்கச் சந்தை சரிந்தது. அதே ஆண்டு ஜூலை 15 அன்று ஜப்பானில் நிண்டெண்டோ தன் ஃபேமிகாம் பெட்டியை வெளியிட்டது. அமெரிக்காவுக்கு அது வேறு உருவத்தில் 1985இல் சென்றது. அந்நூல்கள் இதுவரை சரியாகவே சொல்லும். இந்தியா என்று வரும்போது ஒரு பத்தியோடு நின்றுவிடும்.

அந்த ஒரு பத்தியில் இருக்க வேண்டியவை பல. நிண்டெண்டோவின் கருவி இங்கே சாமுராய் என்ற பெயரில் விற்கப்பட்டது. ஆனால் பெரும்பாலான வீடுகளுக்குள் நுழைந்தவை அதன் நகல்களே. மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர்கள்; உள்ளே இருந்தது ஃபேமிகாமின் சுற்றமைப்பைப் பார்த்துச் செய்த மலிவுப் பலகை. அசலை வாங்குவது எத்தகைய கனவு என்பதற்கு ஒரு சான்று போதும். 1995இல் சேகா நிறுவனம் 80 விழுக்காட்டு இறக்குமதி வரியைத் தவிர்ப்பதற்காக ஷா வாலஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு தன் மெகா டிரைவ் பெட்டியை இந்தியாவில் விற்றது. விலை 18,000 ரூபாய். அன்றைய அரசு ஊழியர் ஒருவர் தம் பிள்ளைக்கு அதை வாங்கித்தர எத்தனை மாதச் சம்பளத்தை மிச்சம் பிடித்திருக்க வேண்டும் என்பதை வாசகர்களே கணக்கிடட்டும். ஆகவே நமக்கு வாய்த்தது நகல். நம் தலைமுறையின் வீடியோ விளையாட்டு வரலாறு நகல்களின் வரலாறு.

இவ்விடத்தில் தமிழ் இலக்கியம் படித்தவருக்கு ஒன்று நினைவுக்கு வர வேண்டும். சென்னையின் குஜிலிக் கடைத்தெருவில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்கள். மட்டமான தாள், கலங்கிய அச்சு, ஒருவர் பதிப்பை மற்றொருவர் கூசாமல் எடுத்து அச்சிடும் வழக்கம், உள்ளே இருப்பதைவிடப் பன்மடங்கு ஆரவாரமான முகப்பு. கொலைச் சிந்து, ரயில் விபத்துப் பாட்டு, கதைப்பாடல் எல்லாம் அப்படித்தான் ஊர் ஊராகப் பரவின. நம் ஊர்த் தேசிங்குராசனையே எடுத்துக்கொள்வோம். 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு பொருது மாண்ட தேஜ் சிங், ஆவணங்களில் சிலகாலமே ஆண்ட இளைஞன். அவனைப் பாராசாரிக் குதிரைமேல் ஏற்றி, மணமேடையிலிருந்து போர்க்களத்துக்கு எழுந்து வரும் முகமதிய நண்பனைச் சேர்த்து, தமிழ்நாடெங்கும் அறியவைத்தவை கதைப்பாடலும் அதை அச்சிட்ட மலிவுப் புத்தகங்களும். அன்றைய புலவர் பெருமக்கள் அவற்றைத் தீண்டவும் மாட்டார்கள். பின்னால் நா. வானமாமலை கதைப்பாடல்களைத் தேடித் தொகுக்க வேண்டியிருந்தது, ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்று 2004இல் ஒரு நூலே எழுத வேண்டியிருந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வீட்டில் பெரிய நூல்களோடு துண்டுப் பிரசுரங்களையும் அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்திராவிட்டால் அவருடைய பெயரால் 1994இல் சென்னையில் அமைந்த நூலகத்தில் இன்று ஆய்வாளர்கள் எதைப் புரட்டுவார்கள்?

1990களின் கேசட்டு நம் காலத்துக் குஜிலிப் பதிப்பு என்பது நம் துணிபு. ஒப்புமை மேலோட்டமானதன்று. முகப்பில் 9999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே. அவையே திரும்பத் திரும்ப, முதற்கட்டத்திலிருந்து ஒருமுறை, மூன்றாம் கட்டத்திலிருந்து ஒருமுறை, அதிக உயிர்களோடு ஒருமுறை என்று வேறு வேறு பெயரில் வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். (தொகைநூல் மரபில் வந்த நமக்கு எட்டு என்றால் எட்டு, இந்தத் தொகைக்காரர்களுக்கு அந்தக் கூச்சம் கிடையாது.) முகப்புத் திரையில் அசல் நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் அழிக்கப்பட்டிருக்கும். பட்டியலில் எழுத்துப் பிழைகள் மலிந்திருக்கும். காண்ட்ராவில் 30 உயிர் பெற ஒரு மறைகுறி உண்டு: மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பிறகு இரண்டு பொத்தான்கள். 1986இல் கிரேடியஸ் என்ற விளையாட்டைச் சோதிப்பது கடினமாக இருந்ததால் கசுஹிசா ஹாஷிமோட்டோ என்பவர் தம் வசதிக்காக எழுதிவைத்துப் பின்பு நீக்க மறந்தது இது. நம் கேசட்டுகள் சிலவற்றில் இக்குறியே தேவைப்படவில்லை. நகலெடுத்தவர் 30 உயிரை உள்ளேயே செருகிவிட்டிருந்தார்.

இவற்றுக்கெல்லாம் நம் துறையில் பெயர் உண்டு. பாடபேதம், இடைச்செருகல், ஏடு பெயர்த்தெழுதுவோர் பிழை. ஒரு சுவடியின் ஐந்து படிகளை ஒப்பிட்டு எது மூத்தது, எது எதிலிருந்து பிறந்தது என்று சொல்லத் தெரிந்தவர்கள் தமிழாசிரியர்கள். ஒரே காண்ட்ராவின் ஐந்து திருட்டுப் படிகளை முன்வைத்தால் அதே வேலையைச் செய்யலாம். கணிப்பொறித் துறையினர் செய்வார்களே என்று காத்திருப்பதில் பயனில்லை. அவர்களுக்கு அசல் கிடைத்துவிட்டால் பேதங்கள் குப்பை. நமக்கு மட்டுமே பேதங்களில் சுவை உண்டு.

திருட்டைப் போற்றுகிறோமா என்று கேட்கப்படலாம். இல்லை. உழைத்தவருக்கு ஒரு காசும் போகவில்லை என்பது உண்மை. குஜிலி அச்சகத்தாரும் பாடியவனுக்குப் பங்கு கொடுக்கவில்லை. ஒரு பண்பாடு எவ்வழியே பரவியது என்று பதிவுசெய்வது வேறு, அவ்வழியை நியாயப்படுத்துவது வேறு.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் முதுகலை பயின்ற மாணவர் ஒருவர், செஞ்சிப் பகுதியில் 1990களில் வீடியோ கேம் கடை நடத்தியவர்களையும் அங்கே ஆடியவர்களையும் நேர்கண்டு ஆய்வேடு எழுத விரும்பினார். தலைப்பு ஏற்கப்படவில்லை. "இதில் தமிழ் எங்கே இருக்கிறது?" என்ற ஒரே கேள்வியோடு முடிந்தது. அவர் பிறகு சங்க இலக்கியத்தில் நீர்ப்பறவைகள் என்று எழுதி நல்ல மதிப்பெண் பெற்றார். நூறாவது முறையாகப் பறவைகள் எண்ணப்பட்டன. கடைக்காரர்களில் ஒருவர் இதற்கிடையில் காலமாகிவிட்டார்.

ஆயினும் கேள்வி நேர்மையானது. விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். சூப்பர் மரியோவில் எட்டு உலகங்கள். ஒவ்வோர் உலகின் இறுதியிலும் ஒரு கோட்டை. எரிகுழம்பைத் தாண்டிச் சென்று எதிரியை வீழ்த்தினால் அங்கே நிற்பது இளவரசியன்று, காளான் தலையுடைய ஒரு சிற்றுருவம். அது ஆங்கிலத்தில் ஏதோ சொல்லும். இளவரசி வேறொரு கோட்டையில் இருக்கிறாள் என்பது அதன் பொருள். தமிழ்வழிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு அது விளங்கவில்லை. விளங்காத இடத்தில் கதை பிறந்தது. காளான் தலையன் இளவரசியின் தம்பி என்றான் ஒருவன். அவன் காவற்காரன், இலஞ்சம் வாங்கிக்கொண்டு அவளை வேறிடம் மாற்றிவிட்டான் என்றான் மற்றவன். எட்டாவது கோட்டையை முடித்தால் செஞ்சிக் கோட்டை வரும் என்று சத்தியம் செய்தவனையும் நாம் அறிவோம். காண்ட்ராவின் நீலக் காற்சட்டைக்காரன் எங்கள் தெருவில் ரஜினி, சிவப்புக் காற்சட்டைக்காரன் கமல். இரண்டு தெரு தள்ளிச் சென்றால் மாறிவிடும். பின்னால் நின்ற பதின்மரும் வேடிக்கை பார்த்தவர்கள் மட்டுமல்லர். கதை சொன்னவர்கள், வழி சொன்னவர்கள், பழி சொன்னவர்கள். கூத்துக் கொட்டகையில் பின்பாட்டுக்காரர் இருப்பதுபோல அங்கே அவர்கள் இருந்தார்கள். அந்த விளையாட்டை எழுதிய மியாமோட்டோவுக்கும் டெசூக்காவுக்கும் தெரியாத ஒரு வாய்மொழி உரை தமிழில் இருந்தது. தமிழ் அங்கே இருக்கிறது. கேசட்டின் சில்லுக்குள் தேடினால் கிடைக்காது.

சில்லுக்குள் இருப்பதும் எளிதில் தள்ளத்தக்கதன்று. சூப்பர் மரியோ முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இந்தக் கட்டுரையை யூனிகோடு தமிழில் சேமித்தால் ஏறக்குறைய அதே அளவு இடம் பிடிக்கும். அந்தச் சிக்கனம் எப்படிக் கைகூடியது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு. அடியளவுக்கும் சீரளவுக்கும் கட்டுப்பட்டு எழுதிய மரபினர் நாம்; இடநெருக்கடி எத்தகைய கூர்மையைத் தரும் என்பது நமக்குப் புதிதன்று.

இன்னொன்று ஆசிரியர் பெயர். அட்டாரி நிறுவனம் தன் விளையாட்டுகளை எழுதியவர்களின் பெயரை வெளியிடுவதில்லை. அதனால் வாரன் ராபினெட் என்பவர் 1980இல் வெளியான அட்வென்சர் விளையாட்டில் எவர் கண்ணுக்கும் படாத ஓர் அறையை உண்டாக்கி, அதற்குள் தம் பெயரைப் பொறித்து வைத்தார். ஜப்பானில் பல நிறுவனங்கள் புனைபெயர்களையே திரையில் இட அனுமதித்தன; யார் எதை எழுதினார் என்பதை இன்றும் துப்பறிந்துகொண்டிருக்கிறார்கள். பெயர் கிடைக்காத புலவரை அவர் பாடலில் வரும் தொடராலேயே செம்புலப்பெயனீரார் என்று அழைத்த மரபுக்கு இந்தத் துன்பம் நன்கு தெரிந்ததே.

இழப்பின் அளவையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விலைகொடுத்து வாங்கக் கிடைப்பதில்லை. நூலகங்கள் ஆய்வாளர்களுக்கு அவற்றைத் தொலைவிலிருந்து திறந்து காட்டச் சலுகை கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. பிறந்த நாட்டிலேயே இந்நிலை. பள்ளிக் கணிப்பொறி அறைகளில் நம்மவர் பலர் ஆடிய பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் கதையும் உண்டு. தம்பியை ஓடவும் தாவவும் விட்டுப் படம்பிடித்து, அசைவுகளை வரைந்தெடுத்து, ஜோர்டன் மெக்னர் 1989இல் வெளியிட்ட விளையாட்டு அது. அதன் மூலநிரல் தொலைந்துவிட்டதென்றே அவர் நினைத்திருந்தார். 2012இல் அவருடைய தந்தை வீட்டு அலமாரியின் மூலையிலிருந்து நெகிழ்வட்டுகள் நிறைந்த ஒரு பெட்டியைக் கண்டெடுத்தார். அத்தனை புகழ்பெற்ற படைப்பே தந்தையின் அலமாரியை நம்பிப் பிழைத்தது. உ. வே. சாமிநாதையர் வீடு வீடாகச் சென்று பரண்மேல் தேடியதை நாம் வகுப்பறையில் உருக்கமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். நம் வீட்டுப் பரணில் கிடப்பதைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுகிறோம்.

திரைப்படத்தில் இப்படிச் செய்து கைசுட்டுக்கொண்டவர்கள் நாம். நடராஜ முதலியாரின் கீசகவதம் இல்லை. முதல் தமிழ்ப் பேசும் படமான 1931ஆம் ஆண்டுக் காளிதாஸின் படச்சுருள் இல்லை. படித்தவர்கள் சினிமாவைப் பொருட்டாகக் கருதாத காலத்தில் தியடோர் பாஸ்கரன் போன்ற ஒரு சிலர் தேடத் தொடங்குவதற்குள் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. காலணாப் பாட்டுப் புத்தகங்களைக் கொண்டுதான் அந்தப் படங்களின் கதையையும் பாடல்களையும் இன்று ஓரளவு அறிகிறோம் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

கேசட்டு எப்படிச் சாகும்? நகல் கேசட்டுகளில் சில்லு தனியே தெரியாது. பலகைமேல் கருப்புப் பிசின் ஒரு சொட்டாக உறைந்திருக்கும். அதற்குள் பழுது வந்தால் பிரித்துச் சரிசெய்ய இயலாது. வாத்துச் சுடும் துப்பாக்கி பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியில் மட்டுமே இயங்கும். அக்குழாயில் ஒளி வரைந்து செல்லும் நேரக்கணக்கை நம்பி அமைக்கப்பட்டது அது. 2006இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிகள் அத்தகையவை. நகர்ப்புறப் பிள்ளைகள் கணிப்பொறிக்கு மாறிய பின்னும் நம் பகுதிக் கிராமங்களில் இந்த 8 பிட் பெட்டிகளுக்கு இரண்டாவது வாழ்வு கிடைத்தது அந்தத் தொலைக்காட்சிகளால்தான். அவையும் இப்போது இரும்புக் கடைகளில் உடைபடுகின்றன. தொலைக்காட்சி போனால் துப்பாக்கி வெறும் பொம்மை. நம் பழங்கோயில் கல்தளங்களில் யாரோ கீறிவைத்த ஆடுபுலி ஆட்டக் கட்டங்களில் இன்றும் காய் வைத்து ஆடலாம்; முப்பதாண்டுப் பெட்டியில் அது முடியவில்லை.

தமிழர் ஒருவர் தமிழ்க் குடும்பத்தைப் பற்றிச் செய்த விளையாட்டு உலக அரங்கில் பேசப்பட 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டொரண்டோவிலிருந்து வந்த 'வெண்பா' அது. 2024இல் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. 1980களில் கனடாவில் குடியேறிய வெண்பா என்ற பெண் தன் தாயின் சமையற் குறிப்பேட்டைப் பார்த்துச் சமைக்கிறாள். ஏட்டில் கறை, கிழிசல், அழிந்த வரிகள். விடுபட்ட படிகளை ஊகித்து நிரப்புவதே ஆடுபவரின் வேலை. சிதைந்த ஏட்டைப் படித்துப் பொருத்தும் பதிப்பாசிரியரின் தொழிலை ஒருவர் விளையாட்டாக்கிவிட்டார். தமிழ்த்துறைகளோ அது நிகழ்ந்ததை அறியவில்லை. அதை ஆடும் தலைமுறையிடம், இதற்கு முன் என்ன இருந்தது என்று சொல்ல நம்மிடம் ஓர் அலமாரிகூட இல்லை.

பெரிய திட்டம் எதையும் நாம் கேட்கவில்லை. ஒவ்வொரு கல்லூரித் தமிழ்த்துறையும் நாட்டார் வழக்காற்றியல் தாளுக்காக மாணவர்களைக் களப்பணிக்கு அனுப்புகிறது. தாலாட்டும் ஒப்பாரியும் சேகரிக்கும் அதே ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டு நாற்பது வயது மளிகைக் கடைக்காரரிடம் சில கேள்விகள் கேட்கலாம். எந்த ஊர், எந்தக் கடை, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு? எந்தக் கேசட்டு, அதன் மேல் என்ன படம் ஒட்டியிருந்தது? எதிரிகளை என்ன பெயர் சொல்லி அழைத்தீர்கள்? பெண் பிள்ளைகள் கடைக்கு வந்தார்களா, வரவில்லையென்றால் எங்கே ஆடினார்கள்? கடைசிக் கோட்டைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று உங்களுக்குச் சொன்னது யார்? இவ்வாண்டு நம் வகுப்பில் இதைத் தொடங்கியிருக்கிறோம். தாள் திருத்துபவர் ஏற்பாரா என்பது ஏப்ரலில் தெரியும்.

வாசகர்களின் பரணில் கேசட்டு இருக்குமானால் இரும்புக் கடைக்குப் போகும் முன் அதன் முன்னும் பின்னும் படமெடுத்து வையுங்கள். ஓட்டிப் பார்க்க விரும்பினால் அதன் செப்புப் பற்களைப் பஞ்சில் சிறிது ஆல்கஹால் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். பழைய வழக்கப்படி ஊத வேண்டாம். வாயின் ஈரம் பட்டால் அவை அரிக்கும்.